பெயர் கேட்கும் இடம்

குச்சிப்புடி, கிருஷ்ணா மாவட்டம், ஆந்திரா
09.06.2024

என் அக்கா சிவலட்சுமிக்கு,

நான் இங்கே நல்ல சுகம். நீங்களும் அத்தானும் என் செல்லம் கௌசலாவும் அங்கே சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். எங்கள் நடன மேடம் என் கைபேசியை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார். பாமா வேடம் கட்டப் போகிறவள் மேடையேறும்வரை வீட்டுக்குக் கடிதம்தான் எழுத வேண்டுமாம். "ஓலை எழுதி மறுமொழிக்குக் காத்திருக்கத் தெரியாதவளுக்கு பாமா வரமாட்டாள்" என்கிறார். ஓமக்கா, இந்த வருடம் பாமா நான்தான்!

சத்தியபாமை கண்ணனோடு கோபித்துக்கொண்டு, பிறகு பிரிவு தாங்காமல் தோழியிடம் ஓலை கொடுத்தனுப்புகிற கதை. இதை எழுதியவர் சித்தேந்திர யோகி என்று சொல்வார்கள். மனைவியைப் பார்க்க ஆற்றைக் கடக்கையில் வெள்ளம் இழுத்ததாம். கரை சேர்த்தால் மிச்ச உயிர் உனக்கே என்று கண்ணனுக்கு நேர்ந்தாராம். கரை சேர்ந்ததும் துறவியாகி இந்த நாடகத்தை எழுதி, இந்த ஊர் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது பாமா ஆட வேண்டும் என்று சத்தியம் வாங்கினாராம். பெண்கள் ஆட வந்தது பின்னாளில்தான். அந்த மனைவி என்ன ஆனாள் என்று கேட்டேன். கதையில் அவள் இல்லை என்றார் மேடம்.

திரைக்கு மேலால் சடையைத் தூக்கிப் போட்டு "என்னை வெல்ல ஆளிருக்கா" என்று சவால் விடுவதெல்லாம் எனக்கு நன்றாக வருகிறது. வராதது ஒன்றுதான். தோழி கேட்பாள், "உன் புருஷன் பெயர் என்ன? பெயர் தெரியாமல் ஓலையை யாரிடம் கொடுப்பேன்?" பாமா சொல்லமாட்டாள். வெட்கம், பெருமை, கோபம் எல்லாம் கலந்து நெளிவாள். சபை சிரிக்க வேண்டும். நான் நெளிந்தால் வயிற்றுவலி மாதிரி இருக்கிறது என்கிறார் மேடம்.

அத்தானின் பெயர் ஆண்டியப்பன் என்று நான் எழுதலாம். நீங்கள் பத்தொன்பது வருடமாக வாய் திறந்து சொன்னதில்லை. எப்படியக்கா அது? மனதுக்குள் என்ன நடக்கும்? வெட்கப்படாமல் எழுதுங்கள்.

அத்தானுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

உங்கள் தங்கச்சி
பிரேமிளா

---

முரசுமோட்டை
02.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கு எல்லோரும் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது.

வெளிநாட்டு முத்திரையைக் கண்டு தபால்காரர் படலையில் நின்று அடித்த மணியில் கோழியெல்லாம் வேலிக்கு மேலால் போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் புருஷன் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேள்வி! இதெல்லாம் படிக்கத்தான் கப்பல் ஏற்றாத குறையாக உன்னை அனுப்பினோமா?

என்னத்தை எழுத. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அம்மா சொன்னாள். சொல்லாமல் பழகி, இப்போது சொல்ல நினைத்தாலும் நாக்கு மடங்குகிறது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் கௌசலாவை முன்னால் தள்ளுவேன். கிராம சேவகரிடம் போனாலும் அவள்தான். அந்தப் பெயரில் கிளிநொச்சியில் ஒரு கடை இருக்கிறதே, அதை நான் பச்சைக் கதவுக் கடை என்றுதான் சொல்கிறேன். போன வருடம் கதவுக்கு நீலம் பூசிவிட்டார்கள். நான் இன்னும் பச்சைக் கதவு என்கிறேன், அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

கால் வீக்கம் வற்றவில்லை. சாப்பாட்டில் மனமில்லை, காலையில் ஓங்காளிக்கிறார். இந்தப் பக்கம் இரண்டு வீட்டில் கிட்னி வருத்தம், அதனால் எனக்குப் பயம். இழுத்துக்கொண்டுபோய் கிளினிக்கில் காட்டினேன். அடுத்த மாதம் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம். "வயல்ல நிக்கிற மனுசனுக்குக் கால் வீங்காம காதா வீங்கும்" என்று அவர் பகிடி விடுகிறார்.

உன் அக்கா
சிவலட்சுமி

---

குச்சிப்புடி
28.07.2024

அன்பு அக்காவுக்கு,

மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், அதில் ஒருவேளை ஊறுகாய். நீங்கள் எல்லோரும் சுகமென்ற சேதியை எதிர்பார்த்திருக்கிறேன்.

பச்சைக் கதவுக் கடையை மேடத்துக்குத் தெலுங்கில் சொன்னேன், அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால், "இது கதை. எனக்கு உடம்பு வேண்டும்" என்கிறார். கேட்கும்போது கண் எங்கே போகிறது, கை எதைப் பிடிக்கிறது, இன்னும் வற்புறுத்திக் கேட்டால் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, அது வேண்டுமாம்.

அதனால் ஒரு உதவி. அடுத்த முறை எங்காவது பெயர் கேட்டால் கௌசலாவைத் தள்ளாதீர்கள். நீங்களே நின்று, உங்களுக்கு என்ன நடக்கிறது என்று கவனித்து ஒன்றும் விடாமல் எழுதுங்கள். அத்தானின் அப்பா பெயர் மூக்கன் என்பதற்காகத் தடிமன் பிடித்த பிள்ளையிடம்கூட "முகத்தைத் துடை" என்று சொல்கிற ஆள் நீங்கள். உங்களைவிட நல்ல பாமா எனக்கு எங்கே கிடைப்பாள்?

அத்தானின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மறைக்காமல் எழுதுங்கள். இங்கே அதுதான் நினைப்பு.

பிரேமிளா

---

முரசுமோட்டை
27.08.2024

அன்புத் தங்கச்சி பிரேமிளாவுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். முதலில் நல்ல சேதி. அவருக்குக் கிட்னியில் ஒரு பிழையும் இல்லையாம்! நேற்றுப் போய் றிப்போட் எடுத்து டொக்டரிடம் காட்டினேன். "சுத்தமா இருக்கு, வாய்வுதான்" என்று குளிசை தந்தார். பிள்ளையாருக்கு நூறு தேங்காய் உடைக்கலாம் போல இருக்கிறது.

இனி நீ கேட்டது. நேற்று எங்கள் வயலில் நெல் அறுக்க அருவிவெட்டு மெசின் வந்ததால் அவர் வரவில்லை. கௌசலாவுக்குப் பள்ளிக்கூடம். நான் தனியே போனேன். போன அவசரத்தில் அவர் பெயர் எழுதிய கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெட்டை.

"நோயாளியின்ர பேர் என்னம்மா?"

"கௌசலாவின்ர அப்பா."

"அது பேரா அம்மா?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "சரி, தகப்பன்ர பேரையாவது சொல்லுங்கோ."

"அது மாமாவின்ர பேரெல்லோ பிள்ளை, அதெப்படி நான் சொல்லுறது?"

ஐயோ, அந்தச் சிரிப்பு! ஒரு கிழவர் "விடாத பிள்ளை, கேள்" என்று ஏத்திவிட்டார். பெட்டை தட்டில் கிடந்த தாள்களை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். கந்தசாமியா? இல்லை. அன்ரனா? இல்லை. பிறகு அந்தப் பெயர். பார்வை மேசைக்குப் போனது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினேன். காது சுட்டது. "இதுவோ?" என்றாள். தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தேன், அவ்வளவுதான். "கண்டுபிடிச்சிட்டன்!" என்று அவள் தாளைத் தூக்கிக் காட்ட, லைனில் கைதட்டல்.

மனதுக்குள் என்ன என்று கேட்டாய். ஒரு சின்னப் பெருமை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று இருந்தது. உள்ளதைச் சொன்னால், உனக்கு எழுத வேண்டுமே என்று நான் வழமையைவிடக் கொஞ்சம் கூடத்தான் வெட்கப்பட்டேன். வீட்டில் வந்து நடித்துக் காட்டினேன், அவருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அக்கா

---

குச்சிப்புடி
22.09.2024

என் தங்க அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் போதாது, பறக்கிறேன். அத்தானுக்கு ஒன்றுமில்லை என்ற வரியை நாலு தரம் வாசித்தேன்.

நேற்று மேடத்தின் முன்னால் அந்த இடத்தை ஆடினேன். பார்வை மேசைக்கு, தலைப்பு விரலுக்கு, தலை இடப்பக்கம். மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மேடம், "இதை உனக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டார். என் அக்கா, கிளிநொச்சி மாவட்டம், முரசுமோட்டை என்றேன். சிவராத்திரிக்குக் கோயில் முன்றிலில் முழு நாடகம். நான்தான் பாமா, முடிவாகிவிட்டது. ஊரே அந்த இடத்துக்குத்தான் காத்திருக்குமாம்.

அந்தக் கவுண்டர் பெட்டைக்கு என் சார்பில் ஒரு நன்றி சொல்லுங்கள். அத்தான் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாரா?

உங்கள் பாமா

---

முரசுமோட்டை
29.11.2024

தங்கச்சிக்கு,

அடுத்தடுத்து நீ எழுதிய மூன்று கடிதமும் கிடைத்தது. பதில் எழுதப் பிந்திவிட்டது. மழை, வெள்ளம், தபாலும் இல்லை. கௌசலா சுகம். நான் இருக்கிறேன்.

அத்தானுக்குச் சுகமில்லை. ஐப்பசியில் வயலில் விழுந்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் சுத்தமாக்குகிறார்கள். மூக்கன் ஆண்டியப்பன் என்று சொன்னால் இப்போது வார்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கவுண்டரிலும் நானே சத்தமாகச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் இரண்டு தரம் சொல்கிறேன்.

நீ வரவேண்டாம். இடையில் விட்டு வந்தால் திரும்பிச் சேர்க்கமாட்டார்கள் என்று நீதானே சொன்னாய். நீ வந்து நின்று இங்கே செய்ய ஒன்றுமில்லை. அவருடைய விருப்பமும் அதுதான். மழையில் நனையாதே.

சிவலட்சுமி

---

குச்சிப்புடி
14.12.2024

அன்பு அக்காவுக்கு,

சுகம் கேட்காமலே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அத்தானின் பெயரைக் கண்டதும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். உங்கள் கையெழுத்தில் அந்தப் பெயரை நான் ஒருநாளும் கண்டதில்லை. நீங்கள் ஏசியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

ஆவணியில் சுத்தம் என்றார்களே! மூன்று மாதத்தில் எப்படி? யார் என்ன பிழை விட்டது? மேடத்தின் கைபேசியில் கேட்டால் மறைத்துவிடுவீர்கள், உடனே எழுதுங்கள். நான் வருகிறேன். படிப்பு போனால் போகட்டும். 2009இல் சண்டைக்குள் பொக்கணையிலிருந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த மனிதர், டான்ஸ் கிளாசுக்கு ஆறு வருடம் சைக்கிள் மிதித்த மனிதர். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்.

பிரேமிளா

---

முரசுமோட்டை
04.01.2025

பிள்ளை பிரேமிளாவுக்கு அத்தான் எழுதிக்கொள்வது,

என் எழுத்து உனக்குத் தெரியும், கோழி கிண்டின மாதிரி. பொறுத்து வாசி. அக்கா தண்ணி அள்ளப் போன நேரம் எழுதுகிறேன். உன் கடிதத்துக்கு அவள் பதில் எழுதமாட்டாள். நாலு தரம் பேனையை எடுத்துவிட்டு வைத்ததைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ஆவணியில், நம்ம வயலுக்கு மெசின் வந்த அன்றைக்கு, அவள் தனியாகப் போய் எடுத்து வந்த தாள் என்னுடையது இல்லை. சின்னையா ஆண்டியப்பன் என்று வேறொரு ஆள். தட்டில் இரண்டு ஆண்டியப்பனின் தாள் இருந்திருக்கிறது. தகப்பன் பெயரைச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த மனுசனும் பாவம், என் தாளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பயந்து கிடந்தானோ. நான் விழுந்த பிறகுதான் புது டொக்டர் கண்டுபிடித்தார். "ஆவணியிலயே தெரிஞ்சிருந்தா மருந்தால இழுத்துப் பிடிச்சிருக்கலாம்" என்றார். அக்கா பக்கத்தில் நின்றாள். அன்றைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் இன்னும் கன நாள் இல்லை. அதை மறைக்க எனக்குத் தெரியாது. எனக்குப் பிறகு அவள் தன்னைத்தான் திட்டுவாள். அவள் மேல் பிழையில்லை என்று நான் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்கிறாள். நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள். இந்தத் தாள் கதை உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே.

இப்போது ஊருக்கே கேட்க என் பெயரைச் சொல்கிறாள். முதல் தரம் கேட்டபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, பாவி நான்.

ஆடிவிட்டு வா. அரைகுறையில் வந்து நின்றாயோ, எழும்பி வந்து அடிப்பேன்.

அத்தான்

---

குச்சிப்புடி
25.01.2025

அக்காவுக்கு,

என்ன எழுதித் தொடங்குவது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மேடம் தன் கைபேசியைக் கையில் தந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "போயிட்டார், நீ வராத, ஆடிப்போட்டு வா எண்டுதான் கடைசியாச் சொன்னவர்" என்று மூன்று வசனம் சொன்னீர்கள். பிறகு கௌசலா அழுகிற சத்தம்தான் கேட்டது. பஸ் பிடித்து, விமானம் பிடித்து வந்தாலும் சாம்பலுக்குத்தான் வந்திருப்பேன். அது எனக்கு ஆறுதலாயில்லை.

ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்கக்கூடாது என்று அத்தான் எழுதினார், ஆனால் அடக்கி வைக்க என்னால் முடியவில்லை. தாள் மாறிய விஷயத்தை அவர் எனக்கு எழுதிவிட்டார். ஆவணியில், அருவிவெட்டு மெசின் வந்த அன்றைக்கு என்று.

அக்கா, உங்கள் ஆவணிக் கடிதம் என் மேசையில் இருக்கிறது. அது அந்த நாள்தானே? கௌசலாவைத் தள்ளாதீர்கள், நீங்களே நில்லுங்கள் என்று நான்தானே கேட்டேன். எனக்காகத்தானே கூட வெட்கப்பட்டீர்கள். அதை எடுத்து ஆடித்தானே நான் பாமா ஆனேன். அந்தப் பெட்டைக்கு நன்றி சொல்லுங்கள் என்று வேறு எழுதினேன்.

நான் சிவராத்திரிக்கு ஆடமாட்டேன். அந்த இடத்தில் சபை சிரிக்கும். அவர்கள் சிரிக்க நான் எப்படி நிற்பேன்? உண்மையைச் சொல்லுங்கள். அத்தானை நான்தானே கொன்றேன்?

பிரேமிளா

---

முரசுமோட்டை
05.02.2025

அன்புத் தங்கச்சி பிரேமிளாவுக்கு,

நானும் கௌசலாவும் சுகமாக இருக்கிறோம். எட்டாம் நாள் எட்டுச் செலவு குறைவில்லாமல் நடந்தது. கௌசலா நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். நீ சாப்பிடுகிறாயா?

விசர்க் கதை எழுதியிருக்கிறாய். அந்த நாள் வேறு, இது வேறு. உனக்கு எழுதிய நாளில் தந்தது சரியான தாள்தான். அப்போது உண்மையாகவே சுத்தமாக இருந்தது. பிறகு புரட்டாதியில் இன்னொரு தரம் இரத்தம் எடுத்தார்கள், அது உனக்குத் தெரியாது, நான் எழுதவில்லை. அந்தத் தாள்தான் மாறினது. அன்றைக்குக் கௌசலாவும் என்னோடு வந்தவள். சனமும் இல்லை, ஒருவரும் சிரிக்கவும் இல்லை. கவுண்டரில் இருந்தது வேறு ஆள், கண்ணாடி போட்ட ஒரு பொடியன். அவர் நோய் வருத்தத்தில் மாதத்தை மாற்றி எழுதிவிட்டார். கடைசி நாட்களில் அவருக்கு எல்லாம் மாறிப்போனது.

ஆகவே உனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விளங்குதா?

நீ ஆடு. அந்த இடத்தில் சனம் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்க வேண்டிய இடம்தானே அது. அந்த ஆவணி நாளில் நான் சந்தோசமாக இருந்தேன், பிரேமி. வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினேன், அவர் சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் அப்படி எத்தனை நாள் எங்களுக்குக் கிடைத்தது? அதை நீ அழுது பழுதாக்காதே.

போன கிழமை மரணப் பதிவுக்குப் போனேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். தகப்பன் பெயரையும் சொன்னேன். எழுதினதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரி என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

உன் அக்கா
சிவலட்சுமி

---

குச்சிப்புடி
28.02.2025

என் அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். மேடம் கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டார். ஆனாலும் இதைக் கையால் எழுதுகிறேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு இதைச் சொல்ல வராது.

ஆடினேன். கோயில் முன்றிலில் இருக்க இடமில்லாமல் சனம். தோழி பெயரைக் கேட்டாள். பார்வை கீழே போனது, தலைப்பு விரலில் சுற்றியது, தலை சாய்ந்தது. சபை சிரித்தது. முன்வரிசையில் ஒரு பெண் தன் புருஷனின் தோளில் இடித்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டேதான் நின்றேன். திரைக்குப் பின்னால் வந்த பிறகு, சலங்கையைக்கூடக் கழற்றாமல் தரையில் இருந்து அழுதேன். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. பாமா ஆடியவர்கள் அழுவது இங்கே வழக்கமாம்.

எட்டாம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். இனி அங்கேதான். கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு உங்களோடு இருப்பேன், திட்டினாலும் போகமாட்டேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி அக்கா. யோசித்துப் பார்த்தேன், தாள் மாறினது புரட்டாதியில்தான். கண்ணாடி போட்ட அந்தப் பொடியன்தான். உங்களிலும் பிழையில்லை, என்னிலும் பிழையில்லை. அத்தான்தான் மாதத்தையும், மெசின் வந்ததையும், நீங்கள் தனியாகப் போனதையும் மாற்றி எழுதிவிட்டார். அவருக்கு எப்போதும் நாள் நட்சத்திரம் நினைவில் நிற்பதில்லையே.

உங்கள் தங்கச்சி
பிரேமிளா